ராகு காலத்தில் நாலாவது குவார்ட்டர்

கார் வந்து வாசலில் நின்றது. யாரும் இறங்கவில்லை.

நான் கலிஃபோர்னியாவில், சன்னிவேலில், மல்லிகா அக்கா வீட்டு அடுப்படியில், வாழைக்காய் பஜ்ஜிக்கு மாவு கரைத்து வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். எண்ணெய் காய்ந்துவிட்டது. அடுப்படி ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரு தெரியும். சாம்பல் நிறக் கார். டிரைவர் சீட்டில் ஒரு பெண் நேராக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து சீட்டில் இருந்த ஆள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்தப் பெண் என்னைப் பார்க்க வந்தவள்.

பெண் பார்ப்பது என்றால் மாப்பிள்ளை வீட்டார்தான் பெண் வீட்டுக்குப் போக வேண்டும். எனக்கு வீட்டார் கிடையாது. வீடும் கிடையாது. எல் கமினோ ரோட்டில் மல்லிகா அக்காவின் ரெஸ்டாரண்ட். அதன் ஸ்டோர் ரூமுக்கு மேலே எனக்கு ஒரு அறை. அங்கே அரிசி மூட்டைகளுக்கு நடுவில் யாரையும் உட்காரவைக்க முடியாது. அதனால் அவர்கள் வந்து, அக்கா வீட்டில் வைத்து, என்னைப் பார்ப்பதாக ஏற்பாடு. பஜ்ஜி போடுவது, காபித் தட்டை ஏந்திக்கொண்டு வருவது, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வது எல்லாம் என் பொறுப்பு. "உன் தொழிலே சமையல்தான். வேற யாராவது பஜ்ஜி போட்டா அது ஏமாத்து வேலை" என்று அக்கா சொல்லிவிட்டார்.

எனக்கு அப்போது நாற்பத்து நாலு வயது. ஐடிஐயில் ஃபிட்டர் படிப்பைப் பாதியில் விட்டவன். கப்பலில் பாத்திரம் கழுவ ஏறி, கடைசியில் அமெரிக்காவில் நின்றவன். அதையெல்லாம் இந்தத் தொடரில் முந்தைய வாரங்களில் எழுதிவிட்டேன்.

கார் நின்ற அதே நேரத்தில் ஹாலில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் ஊர் டீமுக்கு ஜனவரி ப்ளே ஆஃப், தோற்றால் அந்த வருடம் அவ்வளவுதான். நாலில் மூன்றாவது குவார்ட்டர். மூன்று பாயின்ட் முன்னால் இருந்தோம்.

மூன்று விநாடி உத்தியோகம்

அமெரிக்கக் கால்பந்தைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெயர்தான் கால்பந்து. காலால் உதைப்பது எப்போதாவதுதான். மற்ற நேரமெல்லாம் கையில் வைத்துக்கொண்டு ஓடுகிறார்கள், எறிகிறார்கள், விழுகிறார்கள்.

இதில் குவார்ட்டர்பேக் என்று ஒருவன் இருக்கிறான். ஒரு பெரிய ஆள் குனிந்து, தன் கால்களுக்கு இடையில் பந்தைப் பின்னால் தள்ளுவான். குவார்ட்டர்பேக் அதை வாங்கியதும் அவனுக்கு ஏறக்குறைய மூன்று விநாடி கிடைக்கும். அதற்குள் எதிர் டீமில் நாலைந்து மாடுகள் அவனைச் சாய்க்க வந்துவிடும். அவன் தூரத்தில் ஓடும் தன் ஆளைப் பார்த்து எறிய வேண்டும். இல்லாவிட்டால் தானே ஓட வேண்டும். இரண்டும் செய்யாவிட்டால் தரையில் கிடக்க வேண்டும். இதற்கு மிக நல்ல சம்பளம்.

நான் இதை நியூ ஜெர்சியில் கற்றுக்கொண்டேன். வெஸ்ட் வின்ட்சரில், ரயில் நிலையத்துக்குப் போகும் சாலையில் ஒரு காஸ் ஸ்டேஷன், நம்மூர் பெட்ரோல் பங்க். அந்த மாநிலத்தில் காரோட்டி இறங்கித் தானே காஸ் போட்டுக்கொள்ளக் கூடாது, சட்டம். அதனால் என்னைப் போன்றவர்களுக்கு வேலை உண்டு. குளிர் காலத்தில் குழாயைப் பிடித்தால் கையுறையோடு சேர்ந்து ஒட்டிக்கொள்ளும். இரண்டு கார்களுக்கு நடுவில் கண்ணாடிக் கூண்டுக்குள் ஓடிப்போய் ஹீட்டர் முன்னால் கையை நீட்ட வேண்டும். ஹீட்டருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன டிவி இருந்தது. கை சூடாகும் வரை டிவியைப் பார்ப்பேன். இப்படி அரை அரை நிமிடமாக முழு ஆட்டத்தையும் இரண்டு வருடத்தில் புரிந்துகொண்டேன்.

அந்தப் பக்கத்து டீம்கள் நியூ ஜெர்சியில் விளையாடும், பெயர் மட்டும் நியூயார்க் என்று வைத்துக்கொள்ளும். இதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. நானும் எங்கெங்கோ இருந்துகொண்டு திண்டுக்கல் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

முதல் ப்ளே ஆஃப் தோல்வியை அந்தக் கூண்டில்தான் பார்த்தேன். கடைசி உதை. பந்து கம்பத்தில் பட்டு வெளியே போனது. கூட்டம் எழுந்து நின்றதால் ஜெயித்துவிட்டோம் என்று நினைத்துக் கை தட்டினேன். வெளியே காஸுக்காகக் காத்துக்கொண்டிருந்த வாடிக்கையாளர் ஒருவர் கார் ரேடியோவில் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். அவர் அதற்குப் பிறகு எங்களிடம் வரவில்லை.

கடுகும் இட்லிப்பானையும்

குவார்ட்டர்பேக்குகளைப் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு. காய்கறி நறுக்கிக்கொண்டே நான் பேசுவதைக் கேட்டுக் கேட்டு, எங்கள் ரெஸ்டாரண்டில் எல்லோருக்கும் அது பாடம்.

அவர்கள் இரண்டு ஜாதி. ஒன்று கடுகு. சூடு ஏறியதும் வெடித்து வெளியே பாய்ந்துவிடுவான். பார்க்க அழகாக இருக்கும். சட்டியில் ஒன்றும் மிஞ்சாது. இன்னொன்று இட்லிப்பானை. அடியில் எவ்வளவு எரிந்தாலும் நகர மாட்டான். ஆவி வரும், மூடி ஆடும், உள்ளே ஏதோ நடந்துகொண்டிருக்கும். நமக்குத்தான் பொறுமை வேண்டும்.

எங்கள் டீமில் அந்த வருடம் இருந்தவன் அசல் இட்லிப்பானை. அவன் ஓடி யாரும் பார்த்ததில்லை.

நான் கடுகு. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. காஸ் ஸ்டேஷனை இடித்துவிட்டார்கள், டெக்சாஸ் போனேன். ஹூஸ்டனுக்கு வெளியே ஒரு மோட்டலில் காலை உணவு செய்கிற வேலை. வெள்ளம் வந்து என் அறை போனது. மூன்று வாரம் துவைத்த துணி அடுக்கும் அலமாரிக்குக் கீழே படுத்திருந்தேன், வசதியாகத்தான் இருந்தது. அறையைச் சரிசெய்து தருகிறேன் என்றார் முதலாளி. சரிசெய்தும் கொடுத்தார். பெயின்ட் வாசனை போவதற்குள் நான் கலிஃபோர்னியா பஸ்ஸில் ஏறிவிட்டேன்.  

என்னிடம் ஒரு நீலப் பை இருந்தது. அதில் அடங்காத எதையும் நான் வாங்கியதில்லை.

டெக்சாஸ்காரர்களுக்கும் ஒவ்வொரு ஜனவரியிலும் ஒரு துக்கம் வரும். மோட்டல் வாடிக்கையாளர்கள் மறுநாள் காலை வாஃபிள் மாவை ஊற்றிவிட்டு அப்படியே நின்றுகொண்டிருப்பார்கள். கருகும் வரை கவனிக்க மாட்டார்கள். நான் போய் மூடியைத் திறந்துவிடுவேன். இப்படி எந்த மாநிலம் போனாலும் அந்த ஊர்த் தோல்வி எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தது.

இரண்டு ராகு காலம்

காருக்கு வருகிறேன்.

"ஏன் எறங்கல?" என்று அக்கா ஜன்னல் பக்கம் வந்தார். "அட்ரஸ் சரியாத்தானே குடுத்தேன்?"

போன் அடித்தது. காரிலிருந்து ரவி. பெண்ணின் அண்ணன், எஞ்சினியர், சான் ஹோசேயில் இருக்கிறார். அக்கா ஸ்பீக்கரில் போட்டார்.

"ஆன்ட்டி, சாரி. எக்ஸிட் மிஸ் பண்ணிட்டோம். லேட் ஆயிடுச்சு. இப்போ ராகு காலம் ஸ்டார்ட் ஆயிடுச்சு. முடிஞ்சதும் உள்ள வர்றோம்."

"ராகு காலமா? அது விடிகாலையிலயே போயிடுச்சேப்பா."

"இல்ல ஆன்ட்டி. ஆப்ல பாத்தேன். அஞ்சேகால் வரைக்கும் இருக்கு."

"நான் காலண்டர்ல பாத்தேன். சண்டே சாயங்காலம் நாலரைலேருந்து ஆறு. அது இந்தியா டைம். அப்போ நமக்கு விடிகாலை மூணு மணி. எல்லாரும் தூங்கிட்டிருந்தோம்."

"ஆன்ட்டி, ராகு காலம் லோக்கல் சன்செட்டை வெச்சுப் பாக்கணும்."

"ராகு எந்த ஊருப்பா?"

ரவி, "நாங்க கார்லயே இருக்கோம் ஆன்ட்டி. ஒண்ணும் ப்ராப்ளம் இல்ல" என்று வைத்துவிட்டார்.

அமெரிக்காவில் நம்மவர்கள் ஒற்றுமையாக இருப்பது கஷ்டம் என்பதற்கு நான் இதைத்தான் உதாரணமாகச் சொல்வேன். ஒரே ராகுவுக்கு இரண்டு கடிகாரம்.

அந்தப் பெண்ணின் பெயர் வாசுகி. நாற்பதை நெருங்கியவள். சான் ஹோசேயில் ஒரு பல் க்ளினிக்கில் வேலை. முதலில் ஒரு கல்யாணம் நடந்தது. ஒரு திங்கட்கிழமை ஆபீஸ் போகிறேன் என்று கிளம்பிய அந்த ஆள், வேறு மாநிலத்திலிருந்து டெக்ஸ்ட் அனுப்பினான். இதை அக்கா என்னிடம் முன்பே சொல்லிவிட்டு, "உன் ஊர் மாத்துற கதையெல்லாம் எடுத்த எடுப்புல சொல்லாத" என்றும் சொல்லியிருந்தார்.

எண்ணெய் புகைய ஆரம்பித்தது. நான் ஒரு ஈடு போட்டு எடுத்தேன்.

"அவங்க வர்றதுக்குள்ள ஆறிடும். கார்லயே கொண்டுபோய்க் குடு" என்றார் அக்கா.

ஹாலிலிருந்து அவர் கணவர் சுந்தரம் சார் கூப்பிட்டார். ஆட்டம் முடியும் வரை அவர் வாயிலிருந்து சொற்கள் அளந்துதான் வரும். "நகராத."

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அந்த வீட்டில் ஒரு முறை இருந்தது. டீம் முன்னால் இருக்கும்போது யார் எங்கே இருந்தார்களோ அங்கேயே இருக்க வேண்டும். சார் சோபாவின் இடது மூலையில். அக்கா டிவியைப் பார்க்காமல் இருக்க வேண்டும். நான் அடுப்படிக்கும் ஹாலுக்கும் நடுவில், ஃபிரிட்ஜில் சாய்ந்துகொண்டு. அன்றைக்கும் அப்படித்தான் மூன்று பாயின்ட் முன்னால் வந்திருந்தோம்.

"அவன் லைஃப் மேட்டர் நடக்குது, நீங்க ஃபிரிட்ஜைப் பத்திப் பேசறீங்க" என்றார் அக்கா.

"ஒரு குவார்ட்டர்தான் இருக்கு" என்றார் சார்.

நான் தட்டை எடுத்துக்கொண்டு போனேன். சார் அதை இன்றுவரை மன்னிக்கவில்லை.

முப்பது விநாடி

காரின் கண்ணாடி இறங்கியது. உள்ளே ரேடியோவில் அதே ஆட்டம்.

"பஜ்ஜி" என்றேன். வேறு என்ன சொல்வதென்று நான் யோசித்துவைத்திருக்கவில்லை.

"இது எதுவும் ஸ்டார்ட் ஆனதா அர்த்தம் இல்ல" என்றார் ரவி. "ஜஸ்ட் ஸ்நாக்ஸ்." ஆனால் முதலில் எடுத்தது அவர்தான்.

வாசுகி என்னைப் பார்க்கவில்லை. ரேடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "டச்டவுன் விட்டுட்டாங்க" என்றாள். "அவங்களுக்கு ஏழு. நாம நாலு பாயின்ட் பின்னாடி."

"இப்பத்தானே மூணு முன்னாடி இருந்தோம்."

"நீங்க வாசக்கதவைத் தெறக்கும்போது."

வீட்டுக்குள்ளிருந்து சாரின் சத்தம் வந்தது. "தங்கராசு. உள்ள வா. உன் எடத்துல நில்லு."

நான் காரின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே போகலாம் என்றுதான் இருந்தது. அவளோ ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினாள், நான் கேட்பதற்காக என்று அப்போது எடுத்துக்கொண்டேன். அதற்காக இல்லை என்று பிறகு சொன்னாள்.

க்ளினிக்கில் வாரம் முழுக்க ஸ்போர்ட்ஸ் ரேடியோ ஓடுமாம். டாக்டர் குவார்ட்டர்பேக்குகளைப் பற்றித் தன் அபிப்பிராயங்களைச் சொல்லுவாராம். நோயாளிகள் வாயைத் திறந்துவைத்திருப்பதால் எதிர்த்துப் பேச மாட்டார்களாம். "எனக்கு வாய் ஃப்ரீயாத்தான் இருந்துச்சு. அதனால ஆர்க்யூ பண்ணக் கத்துக்கிட்டேன்" என்றாள்.

"இவன் இட்லிப்பானை" என்றேன். அவள் விளக்கம் கேட்டாள். சொன்னேன். கடுகையும் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை, தலையை ஆட்டினாள். ஒரு கணக்கைச் சரிபார்ப்பதுபோல் ஆட்டினாள்.

பிறகு காரிலிருந்து இறங்கினாள்.

"வாசு, இன்னும் முடியல" என்றார் ரவி, போனைக் காட்டி.

"கால் மரத்துப்போச்சுண்ணா. கால்தான் எறங்குது."

பேச்சிலேயே நாலாவது குவார்ட்டரும் ஓடிவிட்டது. கடைசி நிமிடம். பந்து எங்களிடம், கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டிய கோட்டுக்கு மிக அருகில். இன்னும் ஒரே ஒரு தடவை ஆடத்தான் நேரம். ரேடியோக்காரர் மூச்சு விடாமல் பேசினார். இட்லிப்பானை பந்தை வாங்கினான். பார்த்தான். யாரும் தோதாக இல்லை. இடது பக்கம் பார்த்தான். அப்புறம், ரேடியோக்காரருக்கே நம்ப முடியவில்லை, ஓடினான்.

வாழ்க்கையில் ஓடாதவன். ஓடினான். ஒரு கஜம் இருக்கும்போது சாய்த்துவிட்டார்கள்.

ஆட்டம் முடிந்தது. அந்த வருடமும் முடிந்தது. வாசுகி காரின் கூரைமேல் கையை வைத்துக்கொண்டாள். ரவி கையில் பாதி பஜ்ஜி இருந்தது.

அப்போது வீட்டுக்குள்ளிருந்து சார் கத்தினார். "ஓடு. ஓடுறா. ஓடு."

சாருக்கு டிவி இன்டர்நெட்டில் வருகிறது. ரேடியோவைவிட முப்பது விநாடி பின்னால். அவருடைய வீட்டில் இட்லிப்பானை இப்போதுதான் கிளம்பியிருந்தான். அவருக்கு இன்னும் ஜெயிக்க வாய்ப்பு இருந்தது. முடிந்துபோன ஒன்றுக்காக ஒரு மனிதர் முழு நம்பிக்கையோடு கத்துவதை நாங்கள் மூன்று பேரும் வெளியே இருந்து கேட்டுக்கொண்டிருந்தோம்.

"போய்ச் சொல்லிடலாமா?" என்றாள் வாசுகி.

"வேண்டாம். அவருக்கு இன்னும் கொஞ்சம் இருக்கு."

கொஞ்சம்தான் இருந்தது. பிறகு வீடு அமைதியாகிவிட்டது.

அவள் அப்போதுதான் என்னைப் பார்த்தாள். "நின்னிருக்கலாம். ரைட் கார்னர்ல நம்ம ஆளு ஒருத்தன் சும்மா நின்னானாம், இப்போ சொல்றாங்க. இன்னும் ஒரு செகண்ட் நின்னிருந்தா பாத்திருப்பான்."

"அடி விழும்னு பயந்திருப்பான்."

"நீங்க எத்தனை ஊர்ல இருந்தீங்க?"

அக்கா சொல்லாதே என்றது நினைவுக்கு வந்தது. ஆனால் அது எடுத்த எடுப்பில். இது ஆட்டமெல்லாம் முடிந்த பிறகு. வரிசையாகச் சொன்னேன். சொல்லிக்கொண்டே போகும்போது எனக்கே அது நீளமாகத் தெரிந்தது. ரவி நடுவில் ஒருமுறை இருமினார்.

"அடிக்க வந்தாங்கன்னு ஓடுனீங்களா, வரப்போறாங்கன்னு ஓடுனீங்களா?"

"ரெண்டும் உண்டு. டெக்சாஸ்ல யாரும் வரல. நானாத்தான் ஓடுனேன்."

"இங்கேருந்து?"

"தெரியல. இதுவரைக்கும் ஓடல" என்றேன். "உள்ள கூப்பிட்டாரு, போகல. அவ்வளவுதான் சொல்ல முடியும்."

அவள் மறுபடி காரில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள். கண்ணாடியும் ஏறியது. நான் காலித் தட்டோடு உள்ளே போனேன்.

ஐந்தேகாலுக்கு மேல்

ஐந்தேகால் ஆனதும் ரவி வந்து அக்காவிடம் சொன்னார். இன்றைக்கு வேண்டாம், வாசு ராகு காலத்தில் இறங்கிவிட்டாள், பேசியும் விட்டாள், ஆரம்பித்தது ஆரம்பித்ததுதான், இன்னொரு நாள் சுத்தமாக வைத்துக்கொள்ளலாம்.

நான் அடுப்படியிலிருந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அடுப்படிக்குப் பின்கதவு ஒன்று உண்டு. அது நேராகக் குப்பைத் தொட்டி வைக்கும் சந்துக்குப் போகும், சந்து எல் கமினோவுக்கு. எல் கமினோவில் பஸ் கிடைக்கும். நீலப் பையை எடுத்துவைக்க எனக்கு அதிக நேரம் ஆவதில்லை. இன்னொரு நாள் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். 

நான் காபி டிகாக்‌ஷனைப் பார்த்தேன். இன்னும் முழுதாக இறங்கவில்லை. அது சொட்டி முடியட்டும் என்று நின்றேன்.

அப்போது வாசுகியின் குரல் கேட்டது. "அண்ணா, ராகு காலத்துக்கு இன்னைக்கு வேண்டியது கெடச்சிருச்சு. மேட்ச்சை எடுத்துக்கிச்சு. இன்னும் எவ்வளவு கேக்கும்? உள்ள வா, குளுருது."

உள்ளே வந்தார்கள். சுந்தரம் சார் சோபாவின் இடது மூலையில் அப்படியே இருந்தார். டிவி அணைந்திருந்தது. துக்க வீட்டுக்கு வந்தவர்கள்போல எல்லோரும் மெதுவாக உட்கார்ந்தார்கள். நான் காபித் தட்டோடு வந்தேன், முதன்முறையாகப் பார்ப்பதுபோல். அக்கா என்னை அறிமுகப்படுத்தினார். வாசுகி வணக்கம் சொன்னாள்.

"ஏதாவது கேக்கணுமா?" என்றார் அக்கா அவளிடம்.

"கேட்டாச்சு ஆன்ட்டி" என்றாள்.

சார் முதன்முறையாகத் தலையை நிமிர்த்தினார். "ஃபிரிட்ஜை விட்டு நகர்ந்தான்ம்மா" என்றார். "அதையும் யோசிச்சுக்கோ."

கல்யாணம் அந்த வருடம் கோடையில், ஆட்டங்கள் இல்லாத மாதமாகப் பார்த்து நடந்தது. முகூர்த்தத்தை ரவி ஆப்பிலும் அக்கா காலண்டரிலும் பார்த்து, இரண்டிலும் சரியாக வரும் நேரம் வைத்தார்கள். விடிகாலை. வந்தவர்கள் எல்லோரும் தூக்கக் கலக்கத்தில் வாழ்த்தினார்கள்.

நீலப் பை இப்போது எங்கள் அலமாரிக்கு மேலே இருக்கிறது. உள்ளே கொலு பொம்மைகள். இட்லிப்பானையை டீம் வேறு எங்கோ மாற்றிவிட்டது. இப்போது இருப்பவன் கடுகு. வாசுகிக்கு அவன்மேல் நம்பிக்கை இல்லை, எனக்குக் கொஞ்சம் இருக்கிறது.

இந்த ஜனவரியிலும் தோற்றோம். வழக்கம்போல் கடைசி நிமிடத்தில். நான் சோபாவிலிருந்து எழுந்தேன். வாசுகி டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், ஒவ்வொரு வருடமும் கேட்பதைக் கேட்டாள்.

"எங்க?"

"காபி போட."

"எனக்குச் சக்கரை வேண்டாம்" என்றாள்.